மைக்செட்டின் தொண்டை

போன பங்குனியில் ஒருநாள் ராத்திரி, ஒன்பது மணி இருக்கும். அரியலூர்ப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, புதுசா வாங்கின பேஸ் பெட்டி ரெண்டும் ஊமையா இருக்கு. ஆம்பை முழுசாத் திருகிட்டேன், உறுமிச் சத்தம் எழும்பவே மாட்டேங்குது."

இரண்டுமே கடன் வாங்கி வாங்கிய பெட்டிகள். "ஸ்பீக்கர் பின்னாடி எத்தனை முனை இருக்கு?" என்று கேட்டேன். "நாலு" என்றான். எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. "முதல்ல வால்யூமைக் குறை. மத்த பேச்சு அப்புறம்" என்றேன்.

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்ல ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1972. நான் ஒன்பதாம் வகுப்பு. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லாதான். எங்கள் தெருவில் ஒருவர் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் அவருக்கு நான் எடுபிடி. ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டு, நான்கு குழாய் ஸ்பீக்கர், இவ்வளவுதான் அவர் சொத்து. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்தில் ஏறிக் கட்டுவது என் வேலை. வாடகை வீட்டார் எல்லாரும் குழாயைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அது வெறும் கூம்பு. உயிர் இருப்பது அதன் பின்னால் திருகி மாட்டும் கனத்த யூனிட்டில்.

ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு கல்யாண வீடு. அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், மாப்பிள்ளையின் சேக்காளிகள் "இன்னும் ஏத்துடா தம்பி" என்று உசுப்பேற்ற, நான் முழுசாகத் திருகிவிட்டேன். அரைமணி நேரத்தில் ஒரு குழாய் கரகரத்து அடங்கிப்போயிற்று. அவர் வந்து யூனிட்டை இறக்கிப் பிரித்தார். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அதன் அடியில் நூல்போலக் கம்பி சுற்றிய சின்ன வளையம், கருகிக் கிடந்தது. எனாமல் தீய்ந்த வாடை. "இதுதாண்டா இதுக்குத் தொண்டை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கல்யாணத்து வாடகை அந்தத் தொண்டைக்கே போயிற்று. என் கூலியில் அவர் காலணா பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

கருகிய வளையத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னாளில் இயற்பியல் வாத்தியாராகி, பிளெமிங்கின் இடக்கை விதி நடத்தும் நாளெல்லாம் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டினேன். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு ஒட்டிய சவ்வு காற்றைத் தள்ளுகிறது. வாய்ஸ் காயில் என்பது இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-லேயே இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பெருங்கூட்டத்துக்கு அதைக் கேட்க வைத்தவர்கள் அமெரிக்காவில் இருந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்கு முன்னால் கூடிய பல்லாயிரம் பேர் அவர்களுடைய குழாயில் பாட்டுக் கேட்டார்கள். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர், குழாய் வேண்டாம், காகிதக் கூம்பை நேராகக் காயிலோடு ஒட்டினால் போதும் என்று காட்டினார்கள். நம் வீட்டு ரேடியோவில் இருந்தது அதுதான். நம் நாட்டுக்கு வந்தால், காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்களில் மைக்கின்மேல் 'சிகாகோ ரேடியோ' என்று பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சிகாகோ. அது மோட்வானி குடும்பத்தின் இந்தியக் கம்பெனி. 1931 கராச்சி காங்கிரஸுக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் அவர்கள்.

இத்தனை காலமும் காயிலுக்கு ஒரே எதிரி, சூடு. ஒரு சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு நூறு வாட் கொடுத்தால் ஒன்றிரண்டு வாட்தான் சத்தமாக வெளியே வருகிறது. மீதியெல்லாம் காயிலைக் காய்ச்சுகிறது. குழாய் இதில் கெட்டிக்காரன். கொடுத்ததில் நிறையப் பங்கைச் சத்தமாக்கிவிடும். முப்பது வாட்டில் பக்கத்து ஊரை எழுப்பியது அதனால்தான். இப்போது திருவிழாவுக்கு அனுமதி கேட்கப் போனால் 'கூம்பு கட்டாதே' என்பதுதான் முதல் பேச்சு. என் காதுக்கு அது நல்லதுதான், மனசுக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது.

கூம்பு போய்ப் பெட்டி வந்ததும் ஆயிரம் வாட் கணக்கு வந்தது, இரட்டைக் காயிலும் வந்தது. ஒரே வளையத்தில் இரண்டு தனித்தனிச் சுற்று, அதனால் பின்னால் நான்கு முனை. 'டபுள் காயில், டபுள் சத்தம்' என்று நம் பையன்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டீரியோவில் இடது, வலது இரண்டின் பேஸையும் ஒரே பெட்டியில் கொடுக்க அது வசதியாக இருந்தது. இடதுக்கு ஒரு காயில், வலதுக்கு ஒரு காயில். கார்க்காரர்களுக்கு வேறு வசதி. நான்கு ஓம் காயில் இரண்டையும் வரிசையாக இணைத்தால் எட்டு ஓம், பக்கமாக இணைத்தால் இரண்டு ஓம். கையில் இருக்கிற ஆம்புக்குத் தக்கபடி மாட்டிக்கொள்ளலாம். சூட்டுக்கு நிஜமான வைத்தியம் என்று நான் நினைப்பது, 1990களில் ஜேபிஎல் கம்பெனி கொண்டுவந்த இன்னொரு வகையை. அதில் இரண்டு காயிலுக்கும் தனித்தனிக் காந்த இடுக்கு. சூடு இரண்டு இடமாகப் பிரிந்துவிடும்.

நம் ஊருக்கு வந்தவை முதல் வகை. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு காயிலின் முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். கூம்பு நகராது, சத்தம் வராது. ஆனால் மின்சாரம் பாய்ந்துகொண்டேதான் இருக்கும், இரண்டும் சத்தமில்லாமல் காயும். சத்தம் வரவில்லையே என்று திருகத் திருகக் கருகும்.

"ஆம்பிலேருந்து வயரைக் கழட்டு. அந்த ரெண்டு முனையிலயும் ஒரு பேனா பேட்டரியைத் தொட்டுப் பாரு. கூம்பு அசையுதா?"

"அசையல சித்தப்பா."

"முதல் காயிலோட கறுப்பு, ரெண்டாவதோட எதுல சேர்ந்திருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கறுப்புலதான். உதவிக்கு வந்த பையன் கறுப்போட கறுப்பைச் சேர்த்துட்டான். ரெண்டு பெட்டியிலயும் அப்படியே."

"கறுப்பைச் சிவப்புல சேரு. மிச்ச கறுப்பு ஆம்புக்குப் போகட்டும். திரும்ப பேட்டரியைத் தொடு."

"முன்னாடி குதிக்குது!"

"மோந்து பாரு. தீய்ஞ்ச வாடை வருதா?"

"சூடா இருக்கு. வாடை இல்ல."

"அந்தப் பையனைத் திட்டாதே" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் போனிலேயே உறுமி கேட்டது. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும். பெட்டிக்குக் கால்மணி நேரம்தான் வேலை.