புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் மனநலம்

புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் மனநலம் என்பது அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை முதலியவற்றைப் பெற்றுவரும் ஒருவர் தமது அன்றாட வாழ்வை மனவுறுதியோடும் இயன்ற அளவு இயல்பாகவும் நடத்திச் செல்வதைக் குறிக்கும். இதனை ஆராயும் மருத்துவத் துறை உளப் புற்றுநோயியல் எனப்படுகிறது. நோயாளியிடம் "தைரியமாக இருங்கள்" என்று கூறுவது எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் வழக்கமாகும். எனினும் மன உறுதி என்பது அச்சமோ அழுகையோ இல்லாத நிலை அன்று. அச்சம் இருக்கும்போதே உணவு, உறக்கம், பயணம், மருந்து, உறவுகள் ஆகியவற்றைக் கைவிடாமல் நடத்திச் செல்லும் திறனே இங்கு மன உறுதி எனக் கொள்ளப்படுகிறது.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்தையும், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி போன்ற சிற்றூர்களிலிருந்து தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குச் சென்று சிகிச்சை பெறுவோரின் நிலையையும் எடுத்துரைக்கிறது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் புற்றுநோய் என்ற பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பதே மருத்துவர்களின் பொது வழக்கமாக இருந்தது. நோயின் பெயரே பேசப்படாத நிலையில் நோயாளியின் மனநிலையை ஆராய வழியில்லாமல் இருந்தது. 1970களில் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் 1977 இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நோயாளிகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். உளப் புற்றுநோயியலின் முன்னோடியாக அவர் கருதப்படுகிறார். பன்னாட்டு உளப் புற்றுநோயியல் கழகம் 1984 இல் நிறுவப்பட்டது.

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியோடு தொடர்புடையது. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட அவர், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் முயன்றார். 1952 இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. மருத்துவர் சு. கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் இணைந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். சாந்தா 2005 இல் மகசேசே விருது பெற்றார். 2021 சனவரியில் மறைந்தார். இந்நிறுவனத்தில் உளப் புற்றுநோயியலுக்கெனத் தனித் துறை உள்ளது.

தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த கா. ந. அண்ணாதுரை 1968 இல் நியூயார்க்கில் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை பெற்று நாடு திரும்பி, மீண்டும் அரசுப் பணிகளைக் கவனித்தார். 1969 பெப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மனநிலை நோயைக் குணப்படுத்துமா?

நேர்மறை எண்ணத்தால் புற்றுநோய் குணமாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இதற்கு ஓரளவு காரணமாக அமைந்தது 1979 இல் இங்கிலாந்தில் ஸ்டீவன் கிரீர் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். மார்பகப் புற்றுநோய் கண்ட 69 பெண்களில், போராடும் மனப்பான்மை கொண்டோரும் நோயைப் பொருட்படுத்தாமல் மறுத்தோரும் மற்றவர்களைவிட நோய் திரும்பாமல் வாழ்ந்தனர் என அது கூறியது. ஆயினும் இதே வினாவை 578 பெண்களிடம் ஆராய்ந்து 1999 இல் வெளியான பெரிய ஆய்வு, போராடும் மனப்பான்மைக்கும் உயிர்பிழைத்தலுக்கும் தொடர்பு காணவில்லை. கடும் நம்பிக்கையிழப்பு ஓரளவு பாதகமாகக் காணப்பட்டது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1093 நோயாளிகளை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வும் மனநிலையைக் கொண்டு வாழ்நாளைக் கணிக்க இயலாது எனக் காட்டியது.

இம்முடிவுகள் நோயாளிக்கு ஏமாற்றம் தருவன போலத் தோன்றினும், உண்மையில் அவை ஆறுதல் அளிப்பவை. மனநிலையே நோயைத் தீர்மானிக்கும் என்றால், நோய் திரும்ப வந்தவர் போதிய அளவு தைரியமாக இல்லாததே காரணம் என்ற பழி அவர்மீது விழும். ஓர் இரவு அழுததால் கட்டி வளர்ந்துவிடாது. எப்போதும் மகிழ்ச்சியாக இருக்குமாறு நோயாளியை வற்புறுத்துவதை ஹாலண்ட் ஒரு கொடுங்கோன்மையாகவே கருதினார்.

அவ்வாறாயின் மனநலத்தைப் பேணுவதன் பயன் யாது என்ற வினா எழலாம். 2001 இல் கனடாவில் பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 235 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், குழு உரையாடல் வாழ்நாளை நீட்டிக்கவில்லை. ஆனால் மனத்துயரையும் வலி உணர்வையும் குறைத்தது. மேலும், மனச்சோர்வு கொண்டவர் சிகிச்சையை இடையில் நிறுத்தவும், உணவைத் தவிர்க்கவும், பின்விளைவுகளை மருத்துவரிடம் கூறாமல் விடவும் வாய்ப்பு அதிகம். எனவே மனநலம் மருந்துக்கு மாற்று அன்று. மருந்து முழுமையாகச் சென்று சேர உதவும் துணையாகும்.

அன்றாட வாழ்வில் ஏற்படும் மாற்றங்கள்

வேதிச்சிகிச்சை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை என்ற சுழற்சியில் தரப்படுகிறது. மருந்து ஏறிய முதல் சில நாட்கள் கடினமாகவும், அடுத்த மருந்துக்கு முந்தைய நாட்கள் ஓரளவு எளிதாகவும் இருப்பது வழக்கம். இச்சுழற்சியை ஒரு நாட்காட்டியில் குறித்து வைப்பவர், எந்த நாளில் ஓய்வு தேவை, எந்த நாளில் வெளியே செல்லலாம் என்பதை முன்கூட்டியே அறிய முடியும்.

சோர்வு: இது ஓய்வால் மட்டும் தீராத சோர்வாகும். மருத்துவர் அனுமதித்தால் வாரத்திற்கு மூன்று நாட்களேனும் ஏறத்தாழ 30 நிமிடங்கள் நடப்பது சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என 2019 இல் வெளியான பன்னாட்டு உடற்பயிற்சி வழிகாட்டுதல் கூறுகிறது. தொடக்கத்தில் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடப்பதும் போதுமானது.

உணவு: மூன்று வேளை நிறைய உண்பதைவிட, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிதளவு உண்பது குமட்டலைக் குறைக்கும். இட்லி, கஞ்சி, இடியாப்பம், வேகவைத்த முட்டை, பருப்பு ஆகியவை பொதுவாக ஏற்கத்தக்கவை. வாய்ப்புண் இருக்கும்போது காரமும் புளிப்பும் தவிர்க்கப்படும். தாளிக்கும் வாசனை குமட்டலைத் தூண்டினால் உணவை ஆறவைத்து உண்ணலாம்.

காய்ச்சல்: வேதிச்சிகிச்சையின்போது வெள்ளையணுக்கள் குறைவதால் தொற்று விரைவில் தீவிரமடையும். உடல் வெப்பநிலை 100.4 பாரன்ஃகீட் பாகையை எட்டினால் காலை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருப்பது அச்சத்தைக் குறைக்கும் எளிய வழியாகும்.

முடி உதிர்தல்: எல்லா மருந்துகளாலும் முடி உதிர்வதில்லை. உதிர்ந்த முடி சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் வளரும். முடி உதிரும் முன்னரே குட்டையாக வெட்டிக்கொள்வது, இழப்பு திடீரெனத் தாக்காமல் இருக்க உதவுவதாகப் பலர் கருதுகின்றனர்.

உறக்கமும் சினமும்: வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற இயக்க ஊக்கிகள் உறக்கத்தைக் கெடுத்து, எரிச்சலையும் மனநிலை ஏற்ற இறக்கத்தையும் உண்டாக்கக்கூடும். இதை அறியாத குடும்பத்தினர் "இவர் முன்பு போல் இல்லை" என வருந்துவர். இது மருந்தின் விளைவே என்று இருசாராரும் அறிந்தால் பல மனக்கசப்புகள் தவிர்க்கப்படும்.

செஞ்சி வட்டாரத்தில் சிகிச்சைப் பயணம்

செஞ்சி, இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்ட கோட்டைக்குப் பெயர்பெற்ற பேரூராகும். சுற்றுப்புற ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் உழவர்களும் வேளாண் கூலித் தொழிலாளர்களும் மிகுதியாக வாழ்கின்றனர். இங்கு அரசு மருத்துவமனை இருப்பினும், புற்றுநோய்க்கான முழுமையான சிகிச்சைக்கு வெளியூர் செல்ல வேண்டும். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரியில் ஜிப்மர் நிறுவனத்தின் மண்டலப் புற்றுநோய் மையமும், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் சென்னையும் உள்ளன. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்கள் தரப்படுவதாகும். செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு ஆறு வாரங்கள் நாள்தோறும் சென்று திரும்புவதாகக் கொண்டால், 30 பயணங்களில் 4200 கிலோமீட்டர் தொலைவு ஆகிறது. உடன் செல்பவரும் அத்தனை நாட்கள் கூலியை இழக்கிறார். "நேர்மறையாக இருங்கள்" என்ற அறிவுரையைவிட மருத்துவமனை அருகே தங்க ஓர் இடமும், பேருந்துச் செலவுக்குச் சிறிது பணமும், வீட்டில் ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உறவினரும் இத்தகைய நோயாளியின் மனநிலையைப் பெரிதும் உயர்த்தும்.

வட்டாரத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை நாட்களில் வேண்டுதலோடு செல்வது வழக்கமாகும். வழிபாடு பலருக்கு மன அமைதி தருவதை மருத்துவர்கள் மறுப்பதில்லை. ஆயினும் வேண்டுதலுக்காகவோ நாட்டு மருந்துக்காகவோ மருத்துவ நாளைத் தள்ளிப்போடுவது தீங்கானது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பெருங்கூட்டத்தைத் தவிர்ப்பதும் தேவை.

குடும்பமும் சமூகமும்

தமிழ்க் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடம் மறைத்து, "கட்டி" அல்லது "புண்" என்று மட்டும் கூறுவது இன்றும் காணப்படுகிறது. அன்பினால் செய்யப்படும் இம்மறைப்பு, நோயாளி தம் அச்சத்தை யாரிடமும் பகிர முடியாத தனிமையை உருவாக்கிவிடுகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அதற்கேற்பப் பகுதி பகுதியாக எடுத்துரைப்பதே பரிந்துரைக்கப்படுகிறது.

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. உடன் உண்பதாலோ தொடுவதாலோ அது பரவாது. வெளியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சைப் பெற்றவரின் உடலில் கதிரியக்கம் தங்காது. அவர் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். கதிரியக்க அயோடின் போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும் சில நாட்கள் விலகியிருக்குமாறு மருத்துவர்கள் கூறுவர். தனித் தட்டு, தனிக் குவளை என ஒதுக்குவது மனத்தைக் காயப்படுத்துமேயன்றி யாரையும் காப்பதில்லை.

இயன்ற சிறு பொறுப்புகளை நோயாளியிடமே விட்டுவைப்பது பயன்தரும். கீரை ஆய்தல், பேரக்குழந்தையின் பாடத்தைக் கேட்டல், வரவு செலவு எழுதுதல் போன்றவை தாம் இன்னும் வீட்டுக்குத் தேவைப்படுபவர் என்ற உணர்வை அளிக்கின்றன. பராமரிப்பவருக்கும் ஓய்வு தேவை. வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் அப்பொறுப்பை ஏற்பது நல்லது.

மனச்சோர்வை இனங்காணுதல்

2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மருத்துவ வரையறைக்கு உட்பட்ட மனச்சோர்வு காணப்படுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுதும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தம்மைப் பாரமாகக் கருதுதல், இறப்பு பற்றிய எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மன பலவீனம் அன்று. சிகிச்சை தேவைப்படும் நிலையாகும். பராக்சிடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தமாக்சிபென் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தின் செயலைக் குறைக்கக்கூடும் என்பதால், எல்லா மருந்துகளையும் புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வலியும் மனச்சோர்வுக்கு முதன்மையான காரணமாகும். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் அன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 1986 இல் வெளியிட்ட படிமுறையைப் பின்பற்றிப் பெரும்பாலான புற்றுநோய் வலியைக் கட்டுப்படுத்த இயலும். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே நோய்தணிப்புப் பராமரிப்பு பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்நாள் சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. இறுதிக் காலத்திற்கு மட்டுமே உரியது நோய்தணிப்புப் பராமரிப்பு என்ற எண்ணம் இதனால் மாறத் தொடங்கியது.

கிடைக்கும் உதவிகள்

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. பல புற்றுநோய்ச் சிகிச்சைகள் இதில் அடங்கும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை வழங்குகிறது. செஞ்சிப் பகுதியினர் இதனைத் திண்டிவனம் அல்லது விழுப்புரம் நிலையங்களிலிருந்து பயன்படுத்தலாம். 2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே நோய்தணிப்புப் பராமரிப்பு வழங்கப்படுகிறது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளை மருத்துவரின் ஆலோசனையோடு எடுக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

புற்றுநோய்
வேதிச்சிகிச்சை
முத்துலட்சுமி ரெட்டி
வி. சாந்தா
நோய்தணிப்புப் பராமரிப்பு
செஞ்சிக் கோட்டை