தோட்டத் தொழிலாளரும் பொதுச் சுகாதாரமும்

நோய்க்கு இனம் இல்லை. ஆயினும் அதற்குக் காரணங் கூறுவோர் இனம் பார்த்துக் கூறுவதுண்டு. ஈழத்து மலைநாட்டுத் தோட்டங்களின் சுகாதார வரலாறு இதற்குச் சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். அவர்தம் துயரினும், அவராற் பரவக்கூடிய தொற்றே அரசினர்க்குப் பெருங்கவலையாயிற்று. 1914இல் தலைமன்னார் வழி திறக்கப்பெற்றபின், இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமிலே தொழிலாளர் சில நாள் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர்.

1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. இப்புழுவின் முட்டை மலத்தோடு நிலத்தை அடைந்து, இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும். குடலிற் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைக்கும். மருந்துண்டு குணமடைந்தவரும் மலசலகூடமற்ற லயன்களுக்கு மீளுங்கால், நோயும் மீண்டது. மலசலகூடம் அமைக்கும் செலவை ஏற்கத் துரைமார் பலர் தயங்கினர். பழியோ தொழிலாளரின் பழக்கவழக்கங்களின்மேற் சுமத்தப்பட்டது. இந்தியக் கூலிகள் கொண்டுவந்த நோய் என்னும் பேச்சு, அச்செலவைத் தட்டிக்கழித்தற்கு வாய்ப்பாயிற்று.

சட்டமும் இப்பிரிவினையை நிலைநிறுத்திற்று. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட உடைமையாளரின் பொறுப்போடு பிணைத்தது. நோயுற்றவன் நாட்டின் குடிமகனாகக் கருதப்படாது, தோட்டத்தின் ஆளாகவே கருதப்பட்டான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோது இந்நிலை மேலும் இறுகிற்று. ஏனைய மக்கள் அரசின் இலவச மருத்துவத்தைப் பெற்றுவந்த காலத்தும், தோட்டமக்கள் பெரிதும் தோட்ட டிஸ்பென்சரியையே நம்பியிருந்தனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அரசின் சுகாதாரத்துறை படிப்படியாக உட்புகுந்தது. நாடற்றோர் வினா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் தீர்ந்தது.

எனினும் பழைய வேற்றுமையின் வடு மறையவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாட்டளவில் நூற்றுக்கு 17; தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32.

சித்தாண்டி முதலாய வாவிக்கரை ஊரினர்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகக் குடும்பங்கள் பல மட்டக்களப்பு மாவட்டத்திலும் குடியேறின. ஓரினத்தின் இயல்பே நோய்க்குக் காரணம் எனக் கூறப்படுமிடத்து, அம்மக்களுக்கு மறுக்கப்பட்ட நீரும் வீடும் மருத்துவமும் எவையென வினாவுதல் கற்றோர் கடன். அவ்வினாவிலிருந்தே சுகாதார சமத்துவம் தொடங்கும்.