மாசமா இருக்கும்போது மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் பக்கமே போகாதீங்க!

கர்ப்பிணி பெண்களை பாடாய்ப்படுத்தும் தொல்லைகளில் ஒன்று மலச்சிக்கல். வெளியே சொல்ல கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கஷாயம், நாட்டு மருந்து கடை சூரணம் என்று தாங்களாகவே வாங்கி சாப்பிடுகிறார்கள் பலர். 'மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது?' என்ற நினைப்புதான் காரணம். ஆனால் எல்லா மூலிகையும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஒத்துவராது.

ஏன் வருகிறது?

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அதிகமாக சுரக்கும். இது குடலின் வேகத்தை குறைத்துவிடும். மலம் குடலிலேயே தங்கி, தண்ணீர் வற்றி இறுகிவிடும். மாதம் ஏற ஏற கர்ப்பப்பையும் குடலை அழுத்தும். போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும்.

இதற்காக மாத்திரையை தூக்கி குப்பையில் போடுவது பெரிய தப்பு. ரத்தசோகை வந்தால் பிரசவத்தில் தாய் உயிருக்கே ஆபத்து. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாக போகும், பயப்பட வேண்டாம். ரொம்ப சிரமம் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் வழி சொல்வார்.

எதை தொடக்கூடாது?

விளக்கெண்ணெய்: பேதி போவதோடு கர்ப்பப்பையையும் தூண்டி வலியை வரவழைக்கும். 'பிரசவம் சுலபமாகும்' என்று வீட்டில் பெரியவர்கள் கொடுத்தாலும் வாங்கி குடிக்காதீர்கள்.

நிலவாகை: நில ஆவாரை என்றும் சொல்வார்கள். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் விளைந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இலை இது. பெருங்குடலை தூண்டிவிட்டு மலத்தை வெளியேற்றும். தேவைப்பட்டால் டாக்டர்களே சில நாளுக்கு மட்டும் தருவது உண்டு. கடையில் சூரணமாக வாங்கி தினமும் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றிவிடும்.

கடுக்காய், திரிபலா: கர்ப்பிணிக்கு கடுக்காய் கூடாது என்பது பழைய வைத்தியத்திலேயே உள்ள விதி. திரிபலாவிலும் கடுக்காய் இருக்கிறது.

கற்றாழை: தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. ஜூஸ் கூட வேண்டாம்.

எது நல்லது?

முதல் மருந்து தண்ணீர். தினமும் 8 முதல் 10 டம்ளர் வரை குடிக்க வேண்டும். கீரை, அவரைக்காய், கொய்யா, வாழைப்பழம், ஊறவைத்த உலர் திராட்சை, கேழ்வரகு, கம்பு எல்லாம் கைகொடுக்கும்.

அப்படியும் சரியாகாவிட்டால் கோதுமை தவிடு போன்ற நார்ச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

மூலிகையில் பயமில்லாதது இசப்கோல். இந்த விதையின் உமி தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தை இளக்கும். ரத்தத்தில் கலப்பதில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு ஸ்பூனை பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடலிலேயே அடைத்துக்கொள்ளும். சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி அவசியம்.

வேலைக்கு போகும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று அடக்கி வைக்கக்கூடாது. முக்கினால் மூலம் வரும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் சுலபமாக போகும். தினமும் அரை மணி நேரம் நடப்பதும் நல்லது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

மலத்தில் ரத்தம், விடாத வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்பி காற்று கூட பிரியாமல் இருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. பேதி மருந்து குடித்த பிறகு வயிறு இறுகி இறுகி வலித்தாலோ, ரத்தப்போக்கு, நீர்க்கசிவு இருந்தாலோ, பிள்ளை துடிப்பு குறைந்தாலோ உடனே 108-க்கு போன் போடுங்கள். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.