சீட்டில்லாத வண்டியின் கணக்கு

அமெரிக்காவில் புதிய மோட்டார் வண்டி விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். விலையும் உபகரணங்களின் ஜாபிதாவும் போக, ஒரு காலன் பெட்ரோலுக்கு நகரத்துக்குள் எத்தனை மைல், நெடுஞ்சாலையில் எத்தனை மைல் என்று சர்க்கார் விதித்த பரீட்சையின்படி கண்ட எண்களும் அதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆனால், அதே கடையின் ஓரத்தில், மார்பளவு உயர்ந்த முகப்போடும் எட்டு நட்டுகள் முடுக்கிய சக்கரங்களோடும் நிற்கிற ஃபோர்ட் எஃப்-250, ராம் 2500 போன்ற கனரகப் பிக்கப் லாரிகளின் கண்ணாடியில் விலை இருக்கும். அந்த எண்கள் மட்டும் இரா. சிறிய காரை வாங்குகிறவனுக்குச் சர்க்கார் சொல்லுகிற சங்கதியை, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெட்ரோல் குடிக்கிற வண்டியை வாங்குகிறவனுக்குச் சொல்லாமல் விட்டது எப்படி என்பது அரை நூற்றாண்டுக் கதை.

1925-ஆம் ஆண்டு ஃபோர்ட் கம்பெனி தன் மாடல் டி காரின் பின்புறத்தில் ஒரு தகரத் தொட்டியை வைத்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, அதை வாங்கிய குடியானவன் கேட்டது எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதைத்தான். பிற்பாடு வந்த அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற பெயர்களும் சுமையை வைத்து எழுந்தவையே. வண்டிகள் வளர்ந்து அந்த அளவையெல்லாம் தாண்டிய பிறகும் பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1972 மாடல் வரையில் ஃபோர்ட், ஷெவர்லே பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் ஓட்டுகிறவன் உட்காரும் ஆசனத்துக்குப் பின்னாலேயே, கூண்டுக்குள் இருந்தது. திருப்பங்களில் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தளும்பும் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் வண்டி ஓட்டினார்கள். காலன் முப்பத்தைந்து சென்ட்டைச் சுற்றி விற்ற காலம் அது. ஏழரை லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்குப் பார்ப்பவனைக் கஞ்சன் என்றே நினைத்திருப்பார்கள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களின் வாசலில் வண்டிகள் தெருத்தெருவாக நின்றன. 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி 1985-க்குள் காலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும் என்று விதித்தது. ஆயினும், பண்ணையிலும் கட்டடவேலையிலும் உழைக்கிற வண்டியை ஊர்சுற்றும் காரோடு சேர்த்து நிறுக்கலாகாது என்ற நியாயத்தால், எடையை வைத்து ஒரு கோடு கிழிக்கப்பட்டது. வண்டியின் சொந்த எடையும் அது தாங்கத்தக்க சுமையும் சேர்ந்த மொத்தம் முதலில் 6,000 பவுண்டு என்றும், 1980 மாடலிலிருந்து 8,500 பவுண்டு என்றும் வைத்து, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இலக்கும் இல்லை, சீட்டில் மைல் எண்களும் இல்லை என்று ஏற்பட்டுவிட்டது.

கோடு ஒன்றைக் கிழித்தால் அதைத் தாண்டி நிற்கும் சாமர்த்தியமும் கூடவே பிறந்துவிடுகிறது. இதே 6,000 பவுண்டுக் கோடு புகை சம்பந்தமான விதிகளிலும் இருந்தது. அதற்குட்பட்ட வண்டிகள் 1975 முதல் புகையைச் சுத்தி செய்யும் காட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தாங்கி, ஈயம் கலவாத பெட்ரோலையே குடிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷமே எஃப்-150 என்ற புது வண்டி, கோட்டுக்குச் சற்று மேலே வரும்படி எடை நிர்ணயிக்கப்பட்டு வெளிவந்தது. கன்வெர்ட்டர் வைத்த வண்டிகளில் பெட்ரோல் ஊற்றும் வாய், ஈயப் பெட்ரோலின் தடித்த குழாய் நுழையாதபடி குறுக்கப்பட்டிருக்கும்; கோட்டுக்கு மேற்பட்ட லாரியின் வாயோ விசாலமாகத் திறந்திருக்கும்.

சர்க்கார் எழுதாத எண்ணைச் சொந்தக்காரர்கள் எழுத வேண்டியதாயிற்று. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கையுறை, ஃப்யூஸ், பழைய ரசீதுகள் இவற்றோடு பென்ஸில் செருகிய ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கிடக்கும். தேதி, மீட்டர் காட்டிய மைல், ஊற்றிய காலன், கொடுத்த காசு. ஓரத்தில் ‘டிரெய்லர்’ என்றோ ‘எதிர்காற்று’ என்றோ ஒரு குறிப்பு. டேங்கை நிரப்புவது, ஓட்டுவது, மறுபடி நிரப்புவது, ஓடிய மைலை இரண்டாம் தடவை ஊற்றிய காலனால் வகுப்பது: இதுதான் சாஸ்திரம் முழுவதும். இரட்டை டேங்க் வைத்த லாரிகளில் இதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். டேஷ்போர்டிலுள்ள பொத்தானைத் தட்டி எந்த டேங்கிலிருந்து எந்த மைலில் மாறினோம் என்பதையும் குறித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். 1979-இல் விலை டாலரைத் தாண்டியபோது, 99.9 சென்ட்டுக்கு மேல் காட்டத் தெரியாத பழைய பம்புகளில் அரைக் காலன் விலையைப் பொருத்திக் கடைசியில் இரட்டிப்பாக வாங்கினார்கள். அந்த நாட்களின் நோட்டுகளில் அடித்தலும் திருத்தலும் அதிகமாயிருந்தால் வியப்பில்லை.

அப்படிக் கண்ட கணக்கில் தெரிந்தது என்ன? கார்பரேட்டர் வைத்த ஃபோர்ட் 460 என்ற ஏழரை லிட்டர் எஞ்சின், காலி வண்டியோடு காலனுக்கு எட்டு முதல் பத்து மைலும், டிரெய்லர் பூட்டினால் ஆறு, ஏழு மைலும் கொடுப்பது சாதாரணம். பத்து மைல் என்பது நம் அளவில் லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டு. சுமையில்லாமல் போகும்போது காற்று புகும் வழியைத் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே வைத்திருப்பதால், எஞ்சின் மூச்சை இழுப்பதற்கே சக்தியைச் செலவழிக்கிறது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போதோ, சூடு மிஞ்சாமலிருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டிக்கொள்கிறது. டீசலில் திராட்டில் தடையும் இல்லை, இந்த ஊதாரித்தனமும் இல்லை. டென்வருக்கு மேற்கே, சுமார் 11,000 அடி உயரத்திலுள்ள ஐஸன்ஹோவர் சுரங்கப் பாதையை நோக்கி டிரெய்லரோடு ஏறுகிறவனுடைய எண்ணும், கன்ஸாஸ் சமவெளியில் பின்காற்றோடு காலியாகத் திரும்புகிறவனுடைய எண்ணும் ஒரே வண்டியின் எண்கள் என்று நம்புவதே கஷ்டம்.

ஆகையால், இத்தகைய வண்டிக்கு ஒற்றை எண் பொருந்தாது என்ற வாதத்தை நான் முழுதும் தள்ளுவதற்கில்லை. கார்களுக்கு ஒட்டிய எண்களே முதலில் நிஜத்தைவிட இனித்தன. 1985 மாடலிலிருந்து சீட்டில் நகர எண்ணில் பத்து சதவிகிதமும் நெடுஞ்சாலை எண்ணில் இருபத்திரண்டு சதவிகிதமும் குறைத்தே அச்சிட்டார்கள். ஆனால் உழவனுக்காகக் காட்டிய சலுகையின் நிழலில் யார் யார் ஒதுங்கினார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2000 மாடலாக வந்த ஃபோர்ட் எக்ஸ்கர்ஷன் குடும்பங்கள் ஏறிச் செல்லும் வண்டி. எடை கோட்டுக்கு மேலே இருந்ததால் அதன் சீட்டிலும் மைல் எண்கள் இல்லை. அலாஸ்காவில் எண்ணெய் கொட்டிய கப்பலை நினைவூட்டி, சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் சங்கம் அதற்கு ‘ஃபோர்ட் வால்டீஸ்’ என்று பரிகாசப் பெயர் சூட்டியது.

2011-இல்தான் இராஜாங்கம் கனரகப் பிக்கப்புகளுக்கும் முதல் முறையாக இலக்கு விதித்தது; 2014 மாடலிலிருந்து அமுல். இதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: ஏற்றும் சுமையில் முக்கால் பங்கையும் இழுக்கும் பாரத்தில் கால் பங்கையும் கூட்டி, அந்த உழைப்பின் அளவுக்குத் தக்கபடி இலக்கு வைத்தார்கள்; அதையும் நூறு மைலுக்கு எத்தனை காலன் என்று தலைகீழாகச் சொன்னார்கள். இந்தத் தலைகீழ்க் கணக்கே சரி என்பது என் அபிப்பிராயம். நாற்பது மைல் கொடுக்கும் கார் ஐம்பதுக்கு உயர்ந்தால் நூறு மைலில் மிச்சமாவது அரைக் காலன். பத்து மைல் கொடுக்கும் லாரி பன்னிரண்டரைக்கு உயர்ந்தால் மிச்சம் இரண்டு காலன். எனினும் இந்த இலக்கெல்லாம் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் நடுவே உள்ள வியவகாரம். வாங்குகிறவன் பார்க்கும் கண்ணாடிக்கு அது வந்து சேரவில்லை.

இதற்கிடையில் டீசல், புகைவடிகட்டியும் யூரியாக் கரைசலும் சேர்ந்து விலையேறிவிட்டது. டீசல் எஞ்சின் வேண்டுமென்றால் பதினாயிரம் டாலரளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நிலையில், பலர் பெட்ரோலுக்கே திரும்ப, ஃபோர்ட் 2020-இல் 7.3 லிட்டர் கொண்ட புதிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. 1988-இன் 460 சுமார் 230 குதிரைச் சக்தி தந்தது, இது 430. பத்துக் கியரும் உண்டு. காலி வண்டிக்குப் பன்னிரண்டு முதல் பதினாலு மைல், டிரெய்லரோடு எட்டு முதல் பத்து என்பதே ஓட்டுகிறவர்களின் பொதுவான கணக்கு. கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதியை வண்டியின் பருமனும் வேகமும் இழுவையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் டேங்குக்கு விட்டன.

இன்றைய வண்டிகளில் டேஷ்போர்டுத் திரையே சராசரி மைலேஜைக் காட்டிவிடுகிறது. அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும் என்பது பழைய ஆட்களின் சந்தேகம். பம்பின் குழாய் ‘டக்’கென்று நின்றதும், காலனை வாசித்து, மீட்டரைப் பார்த்து, பென்ஸிலைத் தேடுகிறார்கள்.