நெல் அறுக்கும் மெஷினில் விபத்து நடந்தால் இழப்பீடு உண்டா? எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுவடை என்றாலே இப்போது பெரும்பாலும் மெஷின்தான். அதில் வேலை பார்ப்பவருக்கு விரல் போனால், உயிரே போனால் என்ன கிடைக்கும்? பல வீடுகளில் முதலாளி கையில் கொடுத்த தொகையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால், இதற்கு 1923-லேயே சட்டம் வந்துவிட்டது.

யாருக்கு உண்டு?

பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 2-வது அட்டவணையில், டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலை இருக்கிறது. குடோனில் மூட்டை தூக்கும் வேலையும் இருக்கிறது.  அரிவாளால் கதிர் அறுப்பவர் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், விபத்து நிவாரணம் கேட்கலாம்.

அதிகாரி எதைப் பார்ப்பார்?

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரிதான் மனுவை விசாரிப்பார். அவர் பார்ப்பது மூன்று விஷயங்கள். இவர் அங்கே வேலை பார்த்தாரா? விபத்து வேலையின்போது, வேலை காரணமாக நடந்ததா? சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிருக்கிறது?

டெல்டாவில் பல மனுக்கள் சிக்குவது முதல் கேள்வியில்தான். கூலி கையில் வாங்கியதால் சீட்டு இருக்காது. அதனால், மருத்துவமனையில் தரும் ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., கூடவே வேலை பார்த்தவரின் சாட்சி, செல்போனில் கூலி வந்த பதிவு எல்லாமே முக்கியம். ரைஸ் மில்லுக்குள் நடக்கும் வழக்கமான வேலையில் அடிபட்டவரை, "அவர் கான்ட்ராக்டர் ஆளுங்க" என்று சொல்லி மில் ஓனர் நழுவ முடியாது.

கணக்கு எப்படி?

30 வயதுக்காரர், மாதச் சம்பளம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கான காரணி 207.98. இறந்துபோனால், சம்பளத்தில் பாதியை அந்தக் காரணியால் பெருக்க வேண்டும்: ரூ.12,47,880. நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம்: ரூ.14,97,456. கட்டைவிரல் மட்டும் போனால் அதில் 30 சதவீதம்: சுமார் ரூ.4.49 லட்சம்.

ஆனால், அட்டவணை சொல்லும் சதவீதமே முடிவல்ல. இடது கையை இழந்த ஒரு தச்சுத் தொழிலாளி வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால், 'எந்த உறுப்பு போச்சு' என்பதோடு 'பழைய வேலையை இனி செய்ய முடியுமா' என்பதையும் மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

காலக்கெடு என்ன?

விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். முதலாளி ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். சரியான காரணம் இல்லாத தாமதம் என்றால், 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

இப்போது என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. பாதிச் சம்பளம், 60 சதவீதம் என்ற கணக்கு அதிலும் தொடர்கிறது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் இனி கணக்கில் வரும்.