பீரோ சாவியிலிருந்து தேடுபொறி வரை: மதுரைப் பள்ளி நூலகர்கள்

மதுரை நூலகங்களின் கதையில் முதலில் வரவேண்டிய பெயர் பாண்டித்துரைத் தேவர். சொற்பொழிவாற்ற வந்த இடத்தில் அவர் கேட்ட நூலின் ஒரு படிகூட ஊரில் அகப்படவில்லை. அந்த ஆதங்கமே நான்காம் தமிழ்ச்சங்கத்துக்கு வித்து என்பார்கள். 1901 செப்டம்பர் 14-இல் சங்கம் எழுந்தது. கூடவே பாண்டியன் புத்தகசாலையும் வந்தது. 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி என்னும் கலைக்களஞ்சியத்தை அச்சில் கொண்டுவந்ததும் இச்சங்கமே.

தேவரைப் பற்றி இன்னொரு செய்தியும் வழங்குகிறது. குறளைத் 'திருத்தி' அச்சிட்ட ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பிரதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கித் தீயிட்டாராம். கர்ணபரம்பரைக் கதையாகவே இருக்கட்டும்; அன்றைக்கு அது முடிகிற காரியம். இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிக் குறளை யார் வாங்கிக் கொளுத்துவது?

பள்ளிகளுக்கு வருவோம். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் ஊர் நூலகங்களுக்குத்தான் வழி செய்தது. பல பள்ளிகளில் நூலகம் என்பது ஒரு பீரோ. நூலகர் என்பவர் அதன் சாவியை வைத்திருந்த ஆசிரியர். புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பீரோவைத் திறக்காமலே ஓய்வுபெற்றவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தச் சாவிக்காரர் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார்: பதிவேடு எழுதினார். வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, விலை. கடைசிக் கட்டத்தில், வாங்கியதா, நன்கொடையா? எந்தப் புத்தகமும் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இணையத்தின் முன் உட்காரும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதும் இதே கேள்விதான்.

அதற்கு நல்ல பாடப்பொருள் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஒரு மின்னூலைத் திறந்தால் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே நிற்கும். சங்க நூலான மதுரைக்காஞ்சியை அங்கே ஒருமுறை திறக்கவைத்து, அடுத்து பெயர் ஊர் இல்லாத ஏதோ ஒரு பக்கத்தில் அதே வரிகளைக் காட்டினால் போதும்; எதை நம்பலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

2023 ஜூலை 15-இல் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. பெருமைதான். உசிலம்பட்டிப் பிள்ளை அங்கே வர பஸ் மாற வேண்டும். பள்ளி நூலகத்துக்கு வராந்தாவைக் கடந்தால் போதும். அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் ஆய்வகமும் வந்துவிட்டது. கணினியும் புத்தகமும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பல இடங்களில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

எனவே இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகச் சாவியில் ஒன்றை நூலகப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள்.