உறக்க நேரமும் உடற்பருமனும் (கிள்ளான் பள்ளத்தாக்கு)
பெரியவர்கள் இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குவதற்கும் உடற்பருமனுக்கும் உள்ள தொடர்பு. 2004-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுத்தனர். வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18% குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28% கூடியது.

மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 50.1% பேர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இனவாரியாக இந்தியர்களே முன்னிலை. தூக்கத்தின் மீது மட்டும் பழிபோட முடியாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நள்ளிரவு தாண்டியும் அடுப்பணையாத மாமாக் கடைகள் உண்டு: ரொட்டி சானாய், தால்சா, டின் பால் ஊற்றி நுரைபொங்க ஆற்றிய தே தாரிக். விழித்திருப்பவருக்கு வாய் சும்மா இருக்காது.

2022-இல் வெளியான மற்றொரு சிகாகோ ஆய்வில், கூடுதல் எடையுள்ளவர்கள் தினமும் 1.2 மணி நேரம் அதிகம் தூங்கியபோது, வழக்கம் மாற்றாதவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உண்டனர்.